நான் திணித்த பஞ்சு

பேச்சிமுத்து ஆசாரியைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதி குறைந்த ஆள் இலத்தூரில் கிடையாது. அவர் பெயரைக் கெடுத்தவனே நான்தான். ஆனால் நான் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதப்போவதில்லை.

அவர் வண்டி ஆசாரி. சக்கரம் செய்து முடித்ததும் ஆரக்காலை விரலால் ஒரு தட்டுத் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்பார். சத்தம் பிடிக்கவில்லை என்றால் பிரித்துப் போட்டுவிடுவார். அவசரம் அவசரம் என்று வண்டிக்காரன் தலையில் அடித்துக்கொண்டாலும் காதில் வாங்கமாட்டார். புளியங்குடிக்கு எலுமிச்சம்பழம் ஏற்றிப் போகிறவர்கள், பேச்சிமுத்து சக்கரம் என்றால் பாரத்தைக் கூட்டி ஏற்றுவார்கள். பேச்சு குறைவு. எதையும் ஒரு தடவைதான் சொல்வார். எனக்கும் ஒரு தடவை சொன்னார். நான் கேட்கவில்லை.

என் மாமனார் தூத்துக்குடியில் உப்பளக் கணக்குப்பிள்ளை. ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தோடு கடலுக்குள் போய்வர ஒரு சின்னப் பாய்மரப் படகு வைத்திருந்தார். 1957இல் அவர் இறந்தபோது ஒரே பிள்ளையான என் மனைவி மங்களேஸ்வரிக்கு அது வந்தது. அவள் விற்கமாட்டேன் என்றுவிட்டாள். எலுமிச்சம்பழம் இறக்கிவிட்டுத் திரும்பிய லாரியின் தலையில் ஏறிப் படகு இலத்தூருக்கு வந்து சேர்ந்தது. கடல் இல்லாத ஊருக்குக் கப்பல் வந்திருக்குதாம் என்று தென்காசி வரைக்கும் பேச்சு. அன்றிலிருந்து நான் கப்பல்காரன்.

சிரித்தவர்களுக்கு எங்கள் ஊர்க் காற்றைப் பற்றித் தெரியவில்லை. ஆனி ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற மேல்காற்று ஆளையே தள்ளும். குளமும் அப்போது நிறைந்திருக்கும். அந்த இரண்டு மாதத்துக்காக மற்றப் பத்து மாதமும் நான் படகோடு கிடந்தேன். பழைய சாயத்தைச் சுரண்டினேன். காடாத்துணி வாங்கித் தையல்காரரிடம் புதுப் பாய் தைத்து வாங்கினேன். சுக்கானை மாற்றினேன். மகள் தங்கபுஷ்பம் உட்காருவதற்கென்று முன்பக்கம் ஒரு பலகை போட்டேன். அடுத்தவன் கை வைத்தால் எனக்குப் பிடிக்காது. வயலைப் பார்க்காமல் படகைப் பார்க்கிறேன் என்று பங்காளிகள் குறைபட்டார்கள். அது உண்மைதான்.

கோடையில் குளம் வற்றும். படகு தென்னந்தோப்பில் கவிழ்ந்து கிடக்கும். 1961 கோடை கொஞ்சம் அதிகம். பலகைகள் காய்ந்து சுருங்கி, உள்ளே குனிந்து பார்த்தால் வெளிச்சம் தெரிந்தது. அடியில் இரண்டு பலகை உளுத்தும் போயிருந்தது. அது என் கைக்கு மீறிய வேலை என்பதால் ஆசாரியைக் கூப்பிட்டேன். நான்கு நாளில் இரண்டையும் மாற்றிவிட்டார். இடுக்குகளில் பஞ்சைத் திரித்து மரக்குச்சியால் லேசாக ஒற்றிவிட்டு, மேலே குங்கிலியம் பூசினார். எல்லாம் தொளதொளவென்று இருந்ததாக எனக்குப் பட்டது. இன்னும் இறுக்கி அடியும் என்றேன்.

"கோடையில சக்கரத்தை எதுக்குத் தண்ணியில முக்குதோம் அய்யா? மரம் தண்ணி குடிச்சு ஊதும். ஊத இடம் வேணும். மூணு நாளு இதைக் கரையோரம் தண்ணிக்குள்ள போட்டு வைங்க. ஒழுகத்தான் செய்யும். தானா அடங்கும்" என்றார்.

சரி என்றேன். சரி என்று சொன்னதைச் செய்திருந்தால் இதை எழுத வேண்டியிருக்காது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா மகன் வேல்சாமி அண்ணாச்சி தென்காசியிலிருந்து குடும்பத்தோடு வருவதாக இருந்தது. காலையில் குற்றாலத்தில் குளியல், மத்தியானம் என் படகைப் பார்ப்பது. பாத்திரத்தால் தண்ணீரை இறைத்துக்கொண்டே ஓட்டுவியா என்று போன வருஷம் பத்துப் பேர் முன்னால் கேட்டவர் அவர். மூன்று நாள் படகு கரையோரம் மூழ்கிக் கிடந்தால் ஊரே வேடிக்கை பார்க்கும் என்ற நினைப்பே என்னைச் சுட்டது. புதன்கிழமை ஆசாரி கூடையைத் தூக்கிக்கொண்டு போனதும், என் உளியை எடுத்துச் சுத்தியலால் அடித்து, ஒவ்வொரு இடுக்கிலும் பஞ்சை இன்னும் இன்னும் திணித்தேன். கை வலிக்கிறவரைக்கும் திணித்தேன். போதும், ஆசாரி சொன்னபடி விடுங்க என்றாள் மங்களேஸ்வரி. ஆசாரிக்குச் சக்கரம் தெரியும், கப்பல் தெரியுமா என்று கேட்டேன்.

வியாழக்கிழமை தண்ணீரில் இறக்கினேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாரலும் காற்றுமாக இருந்தது. வேல்சாமி அண்ணாச்சி கரையில் குடை பிடித்து நிற்க, நாங்கள் மூன்று பேரும் ஏறினோம். பாய் விரிந்ததும் படகு சரிந்து ஓடியது. நடுக்குளத்தில் காலடியில் பட்டென்று ஒரு சத்தம். மூன்று நாள் தண்ணீர் குடித்து ஊதிய மரத்துக்கு நான் இடம் வைக்கவில்லை. அது ஆணியைப் பிடுங்கிக்கொண்டு கிளம்பிவிட்டது. ஆசாரி போட்ட புதுப் பலகைகளில் ஒன்று. அங்கே ஆள் உயரத்துக்கும் மேலே தண்ணீர். மங்களேஸ்வரி பிள்ளையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நீந்தியபோது சரிந்து வந்த பாய்மரம் அவள் வலது முழங்கையில் விழுந்தது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் நீந்தி வந்து எங்களைக் கரை சேர்த்தார்கள். பிள்ளைக்கு ஒன்றுமில்லை. கட்டுப் போட்டும் மனைவியின் கை முழுக்க மடங்காமல் போயிற்று. இன்றைக்கும் இடது கையால்தான் சாப்பிடுகிறாள்.

மிதந்து வந்த பலகையை வேல்சாமி அண்ணாச்சிதான் கையில் எடுத்தார். "இது அந்த ஆசாரி போட்டதுல்லா? நாலே நாளுல பிடுங்கிட்டு வந்துட்டுதே" என்றார்.

கூட்டத்தில் பேச்சிமுத்து நின்றார். என் முகத்தையே பார்த்தார். நான் பிள்ளையின் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தேன். துவட்டிய தலையையே திரும்பத் திரும்பத் துவட்டினேன். அவ்வளவுதான் நான் செய்தது.

படகைக் கவிழ்த்த ஆசாரி என்ற பேர் ஒட்டிக்கொண்டது. அவர் சக்கரத்தை நம்பிப் பாரம் ஏற்றியவர்கள் சுரண்டைக்குப் போய்ச் சக்கரம் வாங்கினார்கள். அடுத்த வருஷம் பட்டறையைப் பூட்டிவிட்டு, குற்றாலத்தில் அருவிக்குப் பக்கத்தில் எண்ணெய் தேய்த்துவிடும் வேலைக்குப் போய்விட்டார். மங்களேஸ்வரி என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தப் பலகையை மட்டும் அடுக்களைச் சுவரில் சாத்தி வைத்தாள். என் உளியின் முனை ஒரு பக்கம் உடைந்திருக்கும். பலகையின் ஓரம் முழுக்க அந்த உடைந்த முனையின் தடம். சாப்பிட உட்கார்ந்தால் அதுதான் எனக்கு எதிரே. இரண்டு வருஷம் அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன்.

1963இல் வேல்சாமி அண்ணாச்சி மகள் கல்யாணப் பந்தியில் யாரோ மறுபடி அந்தக் கதையை எடுத்தார்கள். நான் எழுந்து நின்று, படகைக் கவிழ்த்தது ஆசாரி இல்லை, நான்தான் என்று நடந்ததையெல்லாம் சொன்னேன். அண்ணாச்சி வந்து என் தோளைத் தட்டினார்.

"பாத்தீகளா, பொண்டாட்டி கையே போயும் அந்த ஆளை விட்டுக்கொடுக்க மாட்டேங்கான். பெரிய மனசுலே உனக்கு."

இன்னும் நாலு பேரிடம் சொல்லிப் பார்த்தேன். நாலு பேரும் அதையே சொன்னார்கள். பாயசம் வருவதற்குள் நான் நல்லவனாகிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் மங்களேஸ்வரி கேட்டாள். "ஊருக்குச் சொன்னது இருக்கட்டும். அவருகிட்டச் சொன்னீங்களா?"

மறுநாள் குற்றாலம் போனேன். சாரல் கூட்டம். எண்ணெய்க்குக் காத்திருப்பவர்கள் வரிசையாக நின்றார்கள். அவரோடு பேச வேண்டுமென்றால் நானும் கல்லில் உட்கார்ந்து தலையைக் கொடுத்துத்தான் பேச வேண்டும். கொடுத்தேன். சொன்னேன். அவர் கை நிற்கவே இல்லை.

"நான் வச்ச பஞ்சு எனக்குத் தெரியாதா? அன்னைக்குக் கரையிலயே சொல்லுவீகன்னு பாத்தேன். இப்பம் சொல்லாதீக அய்யா. கல்யாண வீட்டுல சொன்னீகளாமே. நீங்க சொல்லச் சொல்ல உங்களுக்குத்தான் பேரு ஏறுது. எனக்கு இன்னுங் கொஞ்சம் இறங்குது."

பிறகு முதுகைக் காட்டச் சொன்னார்.

வீடு வரும்வரைக்கும் அதே நினைப்பாக இருந்தது. நான் சொன்னால் பெருந்தன்மை என்கிறார்கள். அப்படியானால் அதைச் சொல்ல ஒரே ஆள்தான் உண்டு. மங்களேஸ்வரியிடம் கேட்டேன். புருஷனைக் காட்டிக்கொடுத்தவள் என்று என்னைத்தானே பேசுவார்கள் என்றாள். பேசட்டும், எனக்காக இதைச் செய் என்று கெஞ்சினேன். அதுவும் எனக்காகத்தான், பாருங்கள்.

செய்தாள். படித்துறையில், கோயிலில், சொந்தக்காரர் வீடுகளில் அந்த மடங்காத கையை நீட்டி, எங்க வீட்டு மனுசன் வீம்புக்குத் திணிச்ச பஞ்சு என்று ஆரம்பித்தாள். பெண்டாட்டி புருஷனைக் குறை சொன்னால் ஊர் சாட்சி கேட்பதில்லை. ஒரே மாதத்தில் நம்பிவிட்டார்கள். வேல்சாமி அண்ணாச்சி பஸ் ஏறி வந்து என்னைத் திட்டிவிட்டுப் போனார். கப்பல்காரன் என்ற பேர் போய்ப் பஞ்சுக்காரன் ஆனேன். அவளையும் பேசத்தான் செய்தார்கள். அவள் அதை என்னிடம் சொல்லவில்லை.

கார்த்திகையில் பேச்சிமுத்து பட்டறையைத் திறந்தார். ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்து, என்னைப் பார்க்காமல் மங்களேஸ்வரியிடம் அந்தப் பலகையைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். இப்போது அது அவர் பட்டறை முகப்பில் ஆணியடித்துத் தொங்குகிறது, உளித்தடம் ரோட்டைப் பார்க்க. சக்கரம் வாங்க வருகிறவர்கள் அதைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போகிறார்கள்.

என்னை மன்னித்தாரா என்று நான் கேட்டதில்லை. போன சித்திரையில் என் வண்டிக்கும் ஒரு ஜோடி சக்கரம் செய்யச் சொன்னேன். மறுக்கவில்லை. சொன்ன நாளில் செய்து முடித்து, விரலால் தட்டிக் கேட்டுவிட்டு, என் பக்கம் உருட்டிவிட்டார்.

"மூணு நாளு தண்ணியில போடுங்க அய்யா. பஞ்சு ஒண்ணும் வைக்க வேண்டாம்."