நாத்தனார் வீட்டில் கொடுத்த பத்திரிகை

எனக்கு வாசிக்க வராது. இதை வாய்விட்டுச் சொல்வதற்குள் அறுபத்தெட்டு வயது ஆகிவிட்டது. இதையும் நான் சொல்லச் சொல்ல என் மகள்தான் எழுதுகிறாள்.

ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள் என்றுதான் எல்லோருக்கும் என்னைத் தெரியும். அது பொய்யில்லை. கீழக்குயில்குடியிலிருந்து ஐந்து வருஷமும் பள்ளிக்கூடம் போனேன். பக்கத்தில் இருப்பவள் வாசிப்பதைக் காதால் பிடித்துக்கொண்டு, என் முறை வரும்போது புத்தகத்தைப் பார்த்தபடி ஒப்பித்துவிடுவேன். ஒரு நாள் வாத்தியார் என் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். வேறு பாடம் திறந்திருந்தது. வகுப்பே சிரித்தது. அவர் அடிக்கவில்லை. "இவ மாடு மேய்க்கத்தான் லாயக்கு" என்று மட்டும் சொன்னார். அடித்திருந்தால் மறந்திருப்பேன்.

திருநகரில் வாக்கப்பட்டேன். என் கணவர் பேப்பரை வாசித்து முடித்து என்னிடம் கொடுப்பார். கொஞ்ச நேரம் பிடித்திருந்துவிட்டுப் பக்கத்தைத் திருப்புவேன். தலைவலி என்று சொல்லி ஒரு கண்ணாடி வாங்கிக்கொண்டேன். கண்ணில் பெரிதாகக் குறை ஒன்றும் இல்லை. யாராவது எதையாவது நீட்டினால், கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டேன் என்று சொல்லத்தான் அது.

மகளுக்குக் கல்யாணம் வைத்தபோது, எங்கள் வழக்கப்படி புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்துதான் வீடு வீடாகப் பத்திரிகை வைத்தோம். சோழவந்தானுக்குப் போக வேண்டிய அன்று அவருக்குக் காய்ச்சல். அங்கேதான் அவருடைய அக்கா, என் நாத்தனார், இருக்கிறார். அதே தெருவில் நாத்தனார் வீட்டுக்காரரின் பங்காளியும் இருக்கிறார். இரண்டு வீட்டுக்கும் வரப்புத் தகராறு, பேச்சு வார்த்தை கிடையாது. அந்தப் பங்காளி என் கணவரோடு கூடப் படித்தவர் என்பதால் அவருக்கும் ஒரு பத்திரிகை உண்டு.

என் கணவர் கவரில் பேர் எழுதி, மூலையில் மஞ்சள் தடவி, பையில் அடுக்கிக் கொடுத்தார். "மேல இருக்கிறது அக்காவுக்கு. மொதல்ல அங்கதான் வைக்கணும்" என்றார்.

போகிற வழியில் பஸ் பிரேக் போட்டதில் பை சாய்ந்து கவரெல்லாம் கீழே சரிந்துவிட்டது. பொறுக்கி எடுத்தேன். எது மேலே இருந்தது என்று தெரியவில்லை. பக்கத்தில் ஒரு காலேஜ் பெண் உட்கார்ந்திருந்தாள். கேட்டிருந்தால் வாசித்துச் சொல்லியிருப்பாள். கேட்கவில்லை. மஞ்சள் பெரிதாகத் தடவியிருந்ததை மேலே வைத்துக்கொண்டேன்.

நாத்தனார் தாம்பாளத்தை வாங்கிக் கவரைப் பார்த்தார். முகம் மாறியது. அது பங்காளியின் பேர்.

"எங்க வாசலுக்கு வந்து அவன் பேரு போட்ட பத்திரிகையவா குடுக்கிற?"

வாசிக்க வராது என்று அப்போதுகூடச் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இதுதான்: "எனக்கு என்ன தெரியும் மதினி. அவுகதான் எடுத்து மேல வச்சாக."

மறுநாள் காய்ச்சலோடு அவர் அக்கா வீட்டுக்குப் போனார். வாசலிலேயே நிற்க வைத்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வந்து உட்கார்ந்து என்னிடம் கேட்டார், "மேல இருந்ததத்தான குடுத்த?"

"ஆமா" என்றேன்.

"அப்ப நாந்தான் மாத்தி அடுக்கிட்டேன் போல" என்று படுத்துக்கொண்டார்.

கல்யாணத்துக்கு நாத்தனார் வரவில்லை. அத்தை செய்ய வேண்டிய முறையை வேறொருவர் செய்தார். அதற்குப் பிறகு அக்காவும் தம்பியும் பேசிக்கொள்ளவே இல்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் அவர் இறந்தபோதுதான் அக்கா எங்கள் வீட்டுப்படி ஏறினார்.

மகள் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். போன வருஷம் டிஸ்லெக்ஸியா பற்றி ஏதோ பயிற்சிக்குப் போய்விட்டு வந்து, வாசிக்கத் திணறும் பிள்ளைகளைக் கண்டுபிடிக்கிற கேள்விகளை எனக்கு வாசித்துக் காட்டினாள். எழுத்து நின்ற இடத்தில் நிற்காதா, சத்தமாக வாசிக்கச் சொன்னால் பிள்ளை ஒளிந்துகொள்ளுமா, கேட்டதை அப்படியே மனப்பாடமாகச் சொல்லுமா. நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது.

"அரிசி களையும்போது தண்ணிக்குள்ள நொய் மெதக்குமே, அப்படித் தெரியுமாத்தா எழுத்து?" என்று கேட்டேன்.

மகள் என்னையே பார்த்தாள். அப்புறம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிறகு அவளுக்குத் தெரிந்த ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனாள். எனக்கு இருப்பதும் அதுதான் என்று அந்த அம்மா சொன்னார். "இது புத்திக் குறைவு இல்லம்மா. பொறவியிலயே மூளை வேற மாதிரி வேலை செய்யுது, அம்புட்டுத்தான்."

மகளுக்குச் சந்தோஷம். எனக்கு இல்லை. அதுவரைக்கும் நான் மக்கு, மக்கு செய்த தப்பு என்று ஒரு மூலையில் ஒதுங்கிக்கொள்ள இடம் இருந்தது. மூளையில் குறை இல்லையென்றால், அவர் தலையில் பழியைப் போட்டதும் அந்த நல்ல மூளைதானே. அன்றைக்கே மகளிடம் பத்திரிகை விஷயத்தைச் சொன்னேன். அவள் கல்யாணம்தான் அது. "அத்தைகிட்டச் சொல்லிரும்மா" என்றாள். இதை எழுதும்போதும், "இந்த இடத்த விட்ருவமா?" என்று கேட்டாள். எழுது என்றேன்.

சோழவந்தானில் நாத்தனார் பின்கட்டில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். எண்பதை நெருங்குகிற உடம்பு. நான் குனிந்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன், பஸ்ஸில் கவர் சரிந்தது வரைக்கும்.

"வாசிக்க வராதுன்னு அன்னைக்கே சொல்றதுக்கென்ன? நான் சிரிக்கவா போறேன்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "சிரிச்சிருப்பேன்தான்" என்றார்.

இரண்டு மொச்சை உரித்தார்.

"மாத்தி வச்சிருப்பேங்க்கான்னு இந்த வாசல்ல நின்னு சொன்னான். நான் நம்பல. வேணும்னே செஞ்சான்னு நெனச்சேன். ஒடம்பு அனலாக் கொதிச்சிச்சு அவனுக்கு. தண்ணி வேணுமான்னுகூடக் கேக்கல."

"தப்பு எம்மேல மதினி."

"ஒம்மேலதான். அவன் இருக்கையில வந்து சொல்லியிருக்கணும். இப்பச் சொல்லி, நான் யார்கிட்டப் போயிப் பேச?"

எழுந்து நின்றேன்.

"வெயில் எறங்கட்டும். சாப்ட்டுப் போ" என்றார் முகத்தைத் திருப்பாமல். அவரே இலை போட்டுச் சோறு வைத்தார். சாப்பிட்டேன். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. கேட்க எனக்கும் வாய் வரவில்லை. இரண்டாம் தடவை குழம்பு ஊற்றும்போது, "அவனுக்கும் இந்தக் குழம்புன்னா உசுரு" என்று மட்டும் சொன்னார்.