கப்பலைச் சூழ்ந்த பனி

இப்போது பனிக்கட்டியின் ஓரத்தைக் கணினியே கோடு போட்டுத் தந்துவிடுகிறது. நான் காபி குடித்துக்கொண்டே தலையாட்டினால் போதும். அப்போதெல்லாம் செயற்கைக்கோளின் ரேடார் படம் வெறும் சாம்பல் நிறத்தில் வரும். எது தண்ணீர், எது உறைந்த கடல் என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்து, மவுஸால் கோடு இழுக்க வேண்டும். பெங்களூர் ஏ.சி. குளிருக்கே ஸ்வெட்டர் போடுகிற ஆள் நான். அண்டார்டிகாவில் எந்த வழி திறந்திருக்கிறது என்று கப்பலுக்குச் சொல்வது என் வேலை!

பக்கத்து நாற்காலி என் நண்பனுடையது. கடல்மட்டம் எங்கே கொஞ்சம் மேடு, எங்கே கொஞ்சம் பள்ளம் என்று செயற்கைக்கோள் அளந்து அனுப்பும். அதை வைத்து நீரோட்டம் எந்தப் பக்கம் போகிறது என்று அவன் கண்டுபிடிப்பான். அவன் டிபன் பாக்ஸ் மீன் குழம்பு எந்தப் பக்கம் போகும் என்பது மட்டும் என் துறை. அந்த வருடம் கடலில் மிதவைகளைப் போட்டுத் தன் கணக்கைச் சரிபார்க்க, அவனே தெற்கே கப்பலேறிவிட்டான். அதில் ஓர் இடம் வாங்க அவன் நடையாய் நடந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு காலை, லிங்கராஜபுரத்திலிருந்து அவன் மனைவி போன் செய்தாள்.

"அண்ணா, இப்பதான் கப்பல்லேர்ந்து பேசினாரு, லைன் கட்டாயிடுச்சு. சுத்தி ஒரே பனியாம். கப்பல நிறுத்திட்டாங்களாம்."

முந்தின நாள்தான், உறைந்த கடலுக்கு நடுவே நீளமாக ஒரு தண்ணீர்ப் பாதை இருக்கிறது, தாராளமாகப் போகலாம் என்று படம் அனுப்பியிருந்தேன்.

"பயப்படாதம்மா" என்றேன். அவள் பயப்படவேயில்லை. பின்னால் குக்கர் விசில் அடித்துக்கொண்டிருந்தது. பயந்த ஒரே ஆள் நான்தான். பாதை மூடிக்கொண்டு கப்பலை நசுக்குவது போலவும், மறுநாள் பேப்பரில் என் போட்டோ வருவது போலவும் தோன்றியது. அதுவும் ஐ.டி. கார்டில் இருக்கிற அந்தத் திருட்டு முழி போட்டோ. அதே படத்தை மறுபடி திறந்தால், நேற்றுத் தண்ணீராக இருந்ததெல்லாம் இன்று பனிக்கட்டியாகத் தெரிந்தது. அந்த நிமிஷம் காபி டம்ளரைக் காட்டியிருந்தால் அதிலும் பனிக்கட்டி இருக்கிறது என்றிருப்பேன்.

பாதையை மூடிப் புதுக் கோடு இழுத்தேன். 'உடனே திரும்பவும்' என்று கப்பலுக்கு மெயில் அடித்தேன். திரும்பினால் மிதவைகள் பெட்டி பிரிக்காமலே ஊர் வந்து சேரும். அவன் பட்ட பாடெல்லாம் வீண். ஆனால் ஆள் உயிரோடு வருவானே!

அனுப்புகிற பொத்தானில் விரல் இருந்தபோது மேடம் உள்ளே வந்தார். எங்கள் பிரிவின் தலைவர், கன்னடக்காரர். ஒக்கலிபுரத்தில் தமிழர்களுக்கு நடுவே வளர்ந்ததால், எங்களோடு அவருடைய தமிழில்தான் பேசுவார்.

"ஏன்ரீ, மூஞ்சி ஏன் இட்லி மாவாட்டம் இருக்கு?"

"மேடம், கப்பல் பனியில மாட்டிக்கிச்சு. அவன் வீட்லேர்ந்து போன்."

"பனி அந்து சொன்னாங்களா? மஞ்சா, மஞ்சுகட்டெயா?"

கன்னடத்தில் மஞ்சு என்றால் காலையில் ரிங் ரோட்டை மறைக்கிற மூட்டம். மஞ்சுகட்டெ என்றால் பனிக்கட்டி. தமிழன் வாயில் இரண்டும் பனிதான். வருடக்கணக்காகக் கட்டியையே உற்றுப் பார்த்ததில், மார்கழிக் காலையில் நான் மஃப்ளர் சுற்றிக்கொள்வதும் பனிக்காகத்தான் என்பது மறந்தே போயிருந்தது.

"கட்டி அந்து சொன்னாங்களா?"

"இல்ல மேடம்... பனின்னுதான்..."

"மொதல்ல கேளுங்கரீ!" என்றவர் குனிந்து படத்தைப் பார்த்தார். "ராடார் மஞ்சுக்குள்ள பூந்து பாக்கும். நேத்து போட்ட கோடு சரியாத்தான் இருக்கு. நீங்கதான் சரியில்ல."

போன் போட்டேன்.

"ஏம்மா, அவன் சரியா என்ன சொன்னான்?"

"கை நீட்டினா கையே தெரியலயாம். கொஞ்சம் வெலகினா கெளம்பிடுவாங்களாம். நம்மூர் டிசம்பர் மாதிரியே இருக்குன்னு ஒரே சிரிப்பு. ஏன்ணா?"

"ஒண்ணுமில்லம்மா. வெறும் பனிதான்."

"அதத்தானே நானும் சொன்னேன்!"

மெயிலை அழித்தேன். அழிந்ததா என்று மறுபடி திறந்து பார்த்தேன். மேடமும் பார்த்தார்; என் மேல் அவ்வளவு நம்பிக்கை.

மறுநாள் வந்த படத்தில் பாதை முழுவதும் கறுப்பாகத் திறந்து கிடந்தது. அதன் மறுமுனையைத் தாண்டி, அகன்ற கடலில் பளிச்சென்று ஒரு வெள்ளைப் புள்ளி. திரையில் விரலை வைத்து "அதோ அவன்" என்றேன். மேடம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அது கப்பலா, மஞ்சுகட்டெயா என்று அந்தப் புள்ளியை வெகுநேரம் பார்த்தார்.