காருக்குப் போட்ட உப்பளத்துக் குழாய்

நாலு கரி லாரிக்குப் பின்னால் நின்றால் போதும், எங்கள் காருக்கு மூச்சு முட்டிவிடும். கீழவைப்பாரிலிருந்து தூத்துக்குடி வரைக்கும் குறையில்லாமல் ஓடி வரும். துறைமுகத்துப் பக்கம் திரும்பி, லாரி வரிசையில் பத்து நிமிடம் நின்று மறுபடி கிளம்பும்போதுதான் வினை. மிதிக்க மிதிக்க நகராது. ஏசி போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம்.

தினமும் என்னோடு வருகிறவள் பக்கத்து வீட்டுக்காரி. இரண்டு பேருக்கும் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரே கிளியரிங் ஆபீஸில் வேலை. அவள் பேசுவதையெல்லாம் எழுதி வைக்கலாம். நான் எழுதியும் வைத்திருக்கிறேன், ஆபீஸ் டைரியின் பின்பக்கங்களில். "ஏளா, உன் காரு தவக்காலத்துல ஒருசந்தின்னு ஒருவேளை மட்டும் தின்னவ மாதிரில்லா நடக்கு" என்றது அதில் ஒன்று.

கார் என் வீட்டுக்காரருடையது. அவர் கப்பலில், எஞ்சின் ரூமில் வேலை பார்க்கிறார். அப்போது அவர் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. போகும்போது சாவியைக் கையில் வைத்து ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "ஓட்டு, கழுவு, பெட்ரோல் போடு. பானெட்டைத் திறந்து எதையும் நோண்டாத."

ஆனால் நோண்டுவதற்கு வழி சொன்னதும் அவரேதான். எஞ்சின் ரூம் வெக்கையைப் பற்றிப் போனில் புலம்பும்போது ஒரு நாள் சொன்னார்: "எஞ்சின் கெடக்கது அடியில. ஆனா அது குடிக்கிற காத்து மேல, டெக்குல இருந்து இறங்கணும். சூட்டையே குடிச்சா அதுவும் சோந்துதான் போகும்." டைரியில் அதையும் எழுதினேன்.

ஒரு நாள் ஆபீஸ் வாசலில் வண்டியை நிறுத்தியதும் பானெட்டைத் திறந்தேன். ஏர் பில்டர் பெட்டிக்குக் காற்று போகிற கறுப்புக் குழாயின் வாய் எங்கே இருக்கிறது என்று தேடினால், ரேடியேட்டருக்குப் பின்னால், விசிறிக்கு நேர் மேலே இருந்தது. கையை வைத்தேன். இட்லிச் சட்டி மூடியைத் திறந்த மாதிரி அடித்தது. வண்டி ஓடும்போது பரவாயில்லை, எதிர்காற்று வந்துவிடும். நின்றால் தன் சூட்டைத் தானேதான் குடிக்க வேண்டும். பாவம்.

போனில் இரண்டு வீடியோ பார்த்தேன். அந்த வாயை முன்பக்கம், ஹெட்லைட்டுக்குப் பக்கத்தில், வெளிக்காற்று வருகிற இடத்துக்குக் கொண்டுபோனால் போதும் என்று புரிந்தது. அதற்கு ஒரு முழம் ஓஸ் குழாய் வேண்டும்.

"புதுசு எதுக்குளா? எங்க வீட்டுல கெடக்கு" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. அவள் வீட்டுக்காரர் உப்பளத்தில் பம்பு ஓட்டுகிறவர். பாத்திக்குக் கடல் தண்ணி இறைக்கிற பச்சை ஓஸ், வளையம் வளையமாக நெளிந்திருக்குமே, அதில் ஒரு துண்டு கொண்டுவந்தாள். அளவெடுத்து வாங்கின மாதிரி பில்டர் பெட்டியில் பொருந்தியது. கொல்லைக் குழாயில் கழுவி, வெயிலில் காயவைத்து, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து மாட்டிவிட்டேன். கம்பெனிக் குழாயை வெட்டவில்லை. இரண்டு கிளிப்தான், கழன்று வந்துவிட்டது. அதை ஒரு பழைய நைட்டியில் சுற்றி பீரோ மேல் வைத்தேன். அவர் வருவதற்கு முந்தின நாள் திரும்ப மாட்டிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

திங்கட்கிழமை லாரி வரிசையில் நின்று கிளம்பியபோது வண்டி துள்ளியது. "ஏளா, மெல்ல! எனக்குப் புள்ளகுட்டி இருக்கு" என்று அவள் கதவைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு ஒரே பெருமை.

பெருமை இரண்டு வாரம் இருந்தது. மூன்றாவது வாரம், லாரியே இல்லாத வெறும் ரோட்டிலும் வண்டி இழுக்க மறுத்தது. முன்னை விட மோசம். அன்றைக்கென்று பார்த்து அவரும் போனில் கூப்பிட்டார். வருகிற வெள்ளிக்கிழமை ஊருக்கு வருகிறாராம். "வண்டி எப்படி இருக்கு?" என்றார். "நல்லாத்தான் இருக்கு" என்றேன். போனை வைத்ததும் ஓடிப்போய் பில்டர் பெட்டியைத் திறந்தேன்.

பில்டர் மடிப்பு மடிப்பாக வெளுத்து, நமத்து, கெட்டிப்பட்டிருந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது கை தன்னால் செய்கிற வேலை. உப்பு.

இங்கே உப்பு என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாதா? ஜன்னல் கம்பியை, கேட்டை, மின்விசிறியைத் தின்கிற உப்பு. கடற்காற்றை நேராக எஞ்சின் வாய்க்குள் ஊட்டிவிட்டேனே, அதனால்தான் கம்பெனிக்காரன் குழாய் வாயை உள்ளே ஒளித்து வைத்தானோ என்று மனசு அடித்துக்கொண்டது. அவர் ஒன்றே ஒன்றுதானே சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் ஆபீஸ் விட்டதும் மெக்கானிக்கிடம் போனோம். அவர் எல்லாக் கோளாறுக்கும் ஒரு நோயின் பேர்தான் சொல்லுவார்.

"அக்கா, வண்டிக்குச் சளி கட்டியிருக்கு. ஆமா, இந்தப் பச்சை மூக்கு யாரு வெச்சது?"

"நான்தான் அண்ணாச்சி."

என்னை ஒரு தடவை பார்த்தார். ஓஸைக் கழற்றி, ஒரு செய்தித்தாளின் மேல் நிமிர்த்திப் பிடித்துத் தட்டினார். பொலபொலவென்று வெள்ளைச் சில்லுகள் கொட்டின.

"இது எங்கன கெடந்த ஓஸு?"

"உப்பளத்துல."

"கழுவலையா?"

"கழுவினேனே. கொல்லைக் குழாயில. போர் தண்ணி..." என்னும்போதே எனக்குக் குரல் இறங்கிவிட்டது. எங்கள் தெருப் போர் தண்ணியில் சோப்பு நுரைக்காது.

பக்கத்து வீட்டுக்காரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "உப்பை உப்புத் தண்ணியில கழுவிக் காயப்போட்டிருக்கா அண்ணாச்சி. கருவாடு போட்டுப் பழகின கை!"

"ஓஸைத் தந்தவ நீதானளா" என்றேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "எஞ்சினுக்குள்ள போயிருக்குமா அண்ணாச்சி?"

அவர் பில்டருக்கு அப்புறம் எஞ்சினுக்குப் போகிற ரப்பர் குழாயைக் கழற்றினார். சுத்தமான துணி கேட்டார். என் வெள்ளைக் கர்ச்சீப்பைக் கொடுத்தேன். விரலில் சுற்றி உள்ளே விட்டு, சுழற்றிச் சுழற்றித் துடைத்தார். மாதாவே, மாதாவே என்று நான் நின்றேன். கர்ச்சீப் வெளியே வந்தது. லேசாக ஆயில் கறை, அவ்வளவுதான். நம்பாமல் அதையும் வாங்கி நாக்கில் வைத்தேன். ஆயில்தான். துளி உப்பில்லை. வாய்க்கு அத்தனை ருசியாக வேறெதுவும் இருந்ததில்லை!

"பில்டர் எல்லாத்தையும் தன் மேல வாங்கிக்கிட்டுது" என்றார் மெக்கானிக். "நீங்க வெச்ச இடம் சரியான இடம்தான் அக்கா. காத்துல தப்பில்ல, ஓஸுலதான் தப்பு." புது பில்டர், புது ஓஸ் போட்டார். மழைத்தண்ணி ஏறாமல் வாயைக் கொஞ்சம் கீழே சாய்த்து, பூச்சி போகாமல் வலைத்துணி கட்டினார். "இல்ல, பழைய மூக்கையே மாட்டிரவா? வீட்டுக்கார அண்ணாச்சி வாராருல்லா?"

பீரோ மேலிருந்த நைட்டி மூட்டை கண்முன்னால் வந்தது. "வேண்டாம். இதுவே இருக்கட்டும்" என்றேன். வாயிலிருந்து அது வந்தபிறகுதான் முந்தின நாளிலிருந்து முட்டிக்கொண்டிருந்த மூச்சு எனக்கும் இறங்கியது.

வெள்ளிக்கிழமை விமான நிலையத்தில், பெட்டியை ஏற்றுமுன்பே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், போர் தண்ணி உட்பட. அவர் பானெட்டைத் திறந்தார். வண்டியைக் கிளப்பச் சொன்னார். பழைய வாய் இருந்த இடத்தில் கையை வைத்தார். அப்புறம் புது வாயில் வைத்தார். மறுபடி பழைய இடம்.

"காத்தை டெக்குல இருந்து இறக்கிட்டியேளா" என்றார். "கம்பெனிக் குழாய் எங்க?"

"பீரோ மேல. நைட்டில சுத்தி."

அவர் சிரித்த சிரிப்பில் காவலுக்கு நின்றவர் திரும்பிப் பார்த்தார். நான் சாவியை நீட்டினேன். அவர் வாங்காமல் இடதுபக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தார்.

"நீயே ஓட்டு. லாரிக்குப் பின்னால நின்னு எடுத்துக் காட்டு, பாப்போம்."

அன்றைக்குப் பார்த்து ரோடு துடைத்துவிட்ட மாதிரிக் கிடந்தது. லாரியைத் தேடி நான் வண்டி ஓட்டியது அந்த ஒரு நாள்தான். ஊருக்குள் நுழைகிற இடத்தில் இரண்டு கரி லாரிகள் நிற்பது தெரிந்ததும், "அந்தா, அந்தா நிக்கு!" என்று கத்தினேன். ஏசியைக் கூட்டி வைத்து, அவற்றின் வால் பக்கமாக ஆசை ஆசையாகப் போய் நின்றேன்.