மாஜியின் ‘சாப்பிட்டீகளா?’

போன வாரம் ஒரு போன் வந்தது. நம்பரைப் பார்த்ததுமே யாரென்று தெரிந்துவிட்டது.

பெயரை எப்போதோ அழித்துவிட்டேன். ஆனால் நம்பர் மண்டையை விட்டுப் போகவில்லை. அதற்கெல்லாம் டெலிட் பட்டன் கிடையாதே!

என் முன்னாள் கணவர். இப்படி எழுதும்போதே ஏதோ முன்னாள் எம்.எல்.ஏ. மாதிரி இருக்கிறது. பதவி போன அமைச்சரைப் பத்திரிகைகளில் ‘மாஜி’ என்பார்கள் இல்லையா? நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். மாஜி.

“நல்லாருக்கீகளா? ஒரு விஷயம் நேர்ல பேசணும். நாளைக்குக் காரைக்குடி வாரேன். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஹோட்டலுக்கு வர முடியுமா?”

நல்லாருக்கீகளா! யாரு... என்னையா கேட்கிறார்?

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். எங்கள் பக்கத்தில் மரியாதைக்கு ஒரு வால் உண்டு. ‘ஈக.’ வாரீக, போறீக, இருக்கீக. பஸ் கண்டக்டர் “படியில நிக்காதீக” என்பார். மீன்காரம்மா “வெலையக் கேட்டுட்டுப் போறீகளே” என்று திட்டும்போதுகூட அந்த வாலை விடமாட்டார். தொட்டிலில் கிடக்கும் குழந்தையிடம் “ஏன் அழுவுறீக?” என்று கொஞ்சுகிற ஊர் இது.

இத்தனை பேர் வாயில் வந்த அந்த ஈக, என் வீட்டுக்காரர் வாயில் மட்டும் எனக்கு வந்ததில்லை. பதினொரு வருஷக் குடித்தனத்தில் என் பெயர் ‘இந்தா.’ இந்தா, தண்ணி கொண்டா. இந்தா, சட்டை எங்க. நான் “சாப்புட வாரீகளா?” என்று கேட்பேன். பதில், “எடுத்து வை.” அவர் அடிக்கவில்லை, குடிக்கவில்லை. ஆனால் ஒரு ஆளோடு குடும்பம் நடத்துகிறோம் என்ற நினைப்பே அவருக்கு இல்லை. சுவிட்ச் போட்டால் ஃபேன் சுற்ற வேண்டும், இந்தா என்றால் நான் வர வேண்டும். ஒரு நாள் சுற்றுவதை நிறுத்திக்கொண்டேன். அந்தக் கதையை முன்பே இந்தப் பக்கத்தில் எழுதி, பலரிடம் ஆறுதலும் சிலரிடம் திட்டும் வாங்கியாகிவிட்டது.

ஹோட்டலுக்குப் போனேன். மாஜி எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். தலை பாதி நரைத்திருந்தது. லேசாகத் தொப்பை. எனக்குத் திருப்தியாகத்தான் இருந்தது... பொய் சொல்வானேன்?

“என்ன சாப்புடுறீக?”

கேட்டது சர்வர் இல்லை, மாஜி! அந்தக் காலத்தில் ஹோட்டலுக்குப் போனால் “ரெண்டு தோசை” என்று அவரே சொல்லி முடித்துவிடுவார். அதில் ஒன்று எனக்கு. எனக்குப் பிடித்தது இடியாப்பம் என்பது அவருக்கு இன்றுவரை தெரியாது.

காரியம் ஆகும் வரை காலைப் பிடி என்பார்களே, அதுதான் இது என்று புரிந்துவிட்டது. என்ன காரியம் என்பதும் ஓரளவு தெரியும். எங்களுக்குள் மிச்சமிருப்பது ஒன்றே ஒன்றுதான் — கோர்ட் உத்தரவுப்படி அவர் மாதா மாதம் அனுப்பும் ஜீவனாம்சம். என் மாடிப் போர்ஷன் வாடகை அதில்தான் நடக்கிறது. இந்தப் பத்திக்கு வரும் பணத்தில் வாடகை கொடுக்கலாமே என்கிறீர்களா? ஆசிரியர் படித்துக்கொண்டிருக்கிறார்... விடுங்கள்.

காபி வந்தது. பின்னாலேயே விஷயமும் வந்தது.

“புதுவயல் மில்லுல இப்ப முன்ன மாதிரி இல்ல. ஓவர்டைமே கெடையாது. வீட்டுலயும் லீவு போட்டுருக்காக. பிரைவேட் ஸ்கூலு, லீவுக்குச் சம்பளம் தரமாட்டாக. டாக்டரு படுத்தேதான் இருக்கணும்னு சொல்லிட்டாரு...”

‘வீட்டுல’ என்றால் புது மனைவி. தேவகோட்டையில் டீச்சர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கல்யாணம் நடந்த அன்றைக்கே எனக்குத் தகவல் வந்துவிட்டது. ஊர் விடுமா? படுத்தே இருக்கிறார் என்பதுதான் புதுசு. எத்தனை மாசம் என்று நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

“அஞ்சு மாசம்.”

எங்களுக்குக் குழந்தை இல்லை. இந்த வரியை இரண்டு தடவை அழித்துவிட்டு, மறுபடியும் டைப் செய்தேன்.

“மனு போட்டுக் குறைக்கலாம்னு வக்கீல் சொன்னாரு. ஒங்ககிட்டக் கேக்காமப் போட மனசு வரல. பாதியாக் குறைச்சுக்கிட முடியுமா?”

என்னிடம் நியாயமான பதில்கள் நிறைய இருந்தன. வாடகை ஏறியிருக்கிறது. விலைவாசி ஏறியிருக்கிறது. எனக்கும் வயசு ஏறியிருக்கிறது. அடுக்கலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் போன் அடித்தது.

“சொல்லுங்கம்மா... சாப்பிட்டீகளா? மாத்திரை போட்டீகளா? இல்ல இல்ல, நீங்க எந்திரிக்காதீக, நான் வந்து எடுத்துத் தாரேன். கெளம்பிட்டேன்.”

“உங்க அம்மாவா?” என்று கேட்டுவிட்டேன்.

மாமியார் போய்ச் சேர்ந்தது எங்கள் விவாகரத்துக்கும் முன்னால். எனக்குத் தெரியாதா? ஆனால் அந்தக் குரலில் அவர் தன் அம்மாவிடம் மட்டும்தான் பேசி நான் கேட்டிருக்கிறேன்.

“இல்ல... வீட்டுல” என்றார் மாஜி. முகத்தில் வெட்கம் வேறு!

அவ்வளவுதான். நியாயமான பதில்கள் எல்லாம் பறந்துவிட்டன. வயிறு பற்றி எரிந்தது. கோபம் என்று சொல்லிக்கொள்ளலாம், சுயமரியாதை என்று நாலு பேர் மதிக்கும்படி எழுதலாம். எனக்குத் தெரியும், அது பச்சைப் பொறாமை.

“முடியாது” என்று எழுந்துவிட்டேன். காபியைக்கூட முடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து என் வக்கீல் அம்மாவுக்கு போன் போட்டேன். “எழுத்துல ஒண்ணும் குடுத்துராதீக. மனு போட்டா நாம பாத்துக்கலாம்” என்றார். சட்டம் என் பக்கம் இருக்கிறதோ இல்லையோ, வக்கீல் என் பக்கம் இருந்தார். நிம்மதியாகத் தூங்கியிருக்க வேண்டும்... தூங்கினேனா?

அந்த ஆள் மேல் எனக்கு ஆசை இல்லை. தங்கத்தட்டில் வைத்துத் திருப்பிக் கொடுத்தாலும் வேண்டாம். ஆனால் அந்த ‘சாப்பிட்டீகளா’ எனக்கு வந்திருக்க வேண்டியது இல்லையா? பதினொரு வருஷம் அந்த வயலை உழுதது யார்? கல் பொறுக்கியது யார்? அறுப்புக்கு மட்டும் தேவகோட்டையிலிருந்து ஆள் வந்துவிட்டது!

விவாகரத்து என்றால் எல்லாவற்றையும் பிரிக்கிறார்கள். நகை உனக்கு, பீரோ அவருக்கு, பாத்திரம் ஆளுக்குப் பாதி. ஆனால் பிற்பாடு அந்த மனுஷன் திருந்திவிட்டால், அந்த நல்ல குணத்தில் முதல் மனைவிக்கு எவ்வளவு பங்கு? இதைப் பற்றி எந்தச் சட்டமும் பேசுவதில்லை. போனில் பழைய வெர்ஷனோடு மல்லுக்கட்டியவர்கள் நாம். அப்டேட் வருவது அடுத்தவர் கைக்குப் போன பிறகு.

இரண்டு நாள் எந்த வேலையும் ஓடவில்லை. சாம்பாரில் உப்பைப் போட்டேனா என்று சந்தேகம் வந்து மறுபடியும் போட்டேன். ஆட்டோக்காரர் “எங்குட்டுப் போறீக?” என்றால் எரிச்சல் வந்தது. காதில் விழும் ஈக எல்லாம் அவளுக்குச் சொல்வது போலவே இருந்தது. அவள் எப்படி இருப்பாள்? நிறமா? உயரமா? இளவயசா? சரி, என்ன மந்திரம் போட்டிருப்பாள்?

மூன்றாம் நாள் ஒரு புது நம்பர்.

“அக்கா, நான் தேவகோட்டையிலருந்து பேசுறேன்...”

டீச்சர்! அது என்ன அக்கா? யாருக்கு யார் அக்கா? எனக்கு அந்த முறையே பிடிக்கவில்லை. ஆனால் போனை வைக்கவும் மனசு வரவில்லை.

“அவுக ஒங்களப் பாத்துட்டு வந்ததச் சொன்னாக. ஏங்கிட்டக் கேக்காமப் போயிட்டாகக்கா. நீங்க குறைக்காதீக.”

சரியாகத்தான் கேட்டதா? “என்ன சொன்னீக?”

“குறைக்காதீகன்னு சொன்னேன்.” சிரித்தாள். படுத்திருக்கிறவளின் மெல்லிய குரல். “எனக்காகவும்தான்க்கா சொல்றேன். இன்னைக்கு ஒங்களுக்குக் குறைச்சுப் பழகிட்டாகன்னா, நாளப்பின்ன என்னைய எறக்கி விடும்போது எனக்கும் அதே பாதிதான வரும்?”

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். எதிரி நன்றாகப் பேசினால் அதுவும் ஒரு வயிற்றெரிச்சல்தான். அவர் வீட்டுக்குப் போய் நடந்ததை எல்லாம் இவளிடம் சொல்லியிருக்கிறாரே, அது இன்னொன்று. என் காலத்தில் சம்பளம் ஏறியதையே பக்கத்து வீட்டில் சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன்.

இனி தாங்காது என்று கேட்டேவிட்டேன்.

“அவர் உங்களை ‘சாப்பிட்டீகளா’ன்னு கேக்கறாரே... அது எப்படி?”

“அதுவாக்கா? பொண்ணு பாக்க வந்தன்னைக்கே சொல்லிட்டேன். நான் ரெண்டாங்கிளாஸ் புள்ளையவே வாங்க போங்கன்னுதான் கூப்புடுவேன், நீங்களும் என்னைய அப்படியே கூப்புடுங்கன்னு. மொதல்ல நாக்குப் பொரளல. வா, போன்னு வந்துரும். நான் சண்டையெல்லாம் போடமாட்டேன். ‘தப்பு, மறுபடியும் சொல்லுங்க’ன்னுவேன். கிளாஸ்ல சொல்ற மாதிரி. அப்பறம் பழகிட்டாக.”

அவ்வளவுதானா? மந்திரம் இல்லை, மாயம் இல்லை. கேட்டிருக்கிறாள். கிடைத்திருக்கிறது!

போனை வைத்த பிறகு பொறாமை குறைந்திருக்க வேண்டும். இரண்டு மடங்காகிவிட்டது. நான் அந்த ஆள் தானாகவே உணர்வார் என்று இலவு காத்த கிளியாக உட்கார்ந்திருந்தேன். மரியாதையைப் போய்க் கேட்டு வாங்குவதா என்று எனக்கு ரோஷம். ஜீவனாம்சத்தை மட்டும் கோர்ட் வரைக்கும் போய்க் கேட்டு வாங்கினேன். அது ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள்.

அதைவிடப் பெரிய எரிச்சல் ஒன்று. “குறைக்காதீக” என்று சொல்லி அவள் பெரிய மனுஷியாகிவிட்டாள். சம்பளம் இல்லாமல், எழுந்து தண்ணீர்கூட எடுக்க முடியாமல் படுத்துக்கொண்டு, எனக்கு விட்டுக்கொடுக்கிறாளாம்! புருஷன் அவளுக்கு, ஈக அவளுக்கு, குழந்தை அவளுக்கு. பெருந்தன்மையும் அவளுக்கேவா? அதையாவது நான் எடுத்துக்கொள்ள வேண்டாமா?

ஒரு அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைகளுக்குப் பிழை திருத்தக் கூப்பிட்டிருந்தார்கள். கல்யாணப் பத்திரிகைக்கு நானா என்று சிரித்து மறுத்திருந்தேன். அவர்களைக் கூப்பிட்டு, வருகிறேன் என்றேன். பாதி வாடகைக்கு அது போதும். பிறகு அந்த மறக்காத நம்பரை அழுத்தினேன்.

“நான்தான் பேசறேன். குழந்தை பிறந்து ஆறு மாசம் ஆகற வரைக்கும் பாதி அனுப்புங்க. அதுக்கப்புறம் பழையபடி முழுசா வந்துடணும். கோர்ட், மனுவெல்லாம் வேண்டாம்.”

அந்தப் பக்கம் மில் ஓடும் சத்தம். அதற்கு மேலே, சந்தோஷத்தில் தலைகால் புரியாமல் ஒரு குரல்.

“இந்தா... நெசமாவா சொல்ற?”

இந்தா. எங்கேயும் போகவில்லை. எனக்கென்று அப்படியே எடுத்து வைத்திருக்கிறார். அவளுக்குத் தெரியாத ஒரு மாஜி என்னிடம் இருக்கிறார் என்று ஒரு அற்ப சந்தோஷம்கூட வந்தது.

ஆனால் விட்டுவிடுவேனா?

“தப்பு” என்றேன். “மறுபடியும் சொல்லுங்க.”

அந்த வாக்கியத்தை அவர் வேறு வீட்டில் நிறையக் கேட்டிருப்பார்.

“நெசமாவா... சொல்றீக?”

“ஆமாங்க” என்று வைத்துவிட்டேன்.

இதைப் படித்துவிட்டு வக்கீல் அம்மா என்னைத் திட்டப்போகிறார். வாசகிகள் சிலர் ‘எவ்வளவு நல்ல மனசு’ என்று எழுதப்போகிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். வயிறு இன்னும் எரிந்துகொண்டுதான் இருக்கிறது.

நான் விட்டுக்கொடுத்த அந்தப் பாதிக்குப் பெயர் இரக்கம் இல்லை... தேவகோட்டை டீச்சருக்கு நான் கட்டும் டியூஷன் ஃபீஸ்!