அக்காவின் கடிதம் போன இடம்

மன்னாரில் பிள்ளைகளுக்குக் கணினி வலையமைப்புப் படிப்பிக்கிறவள் நான். கணினிகள் தங்களுக்குள் எப்படிப் பேசிக்கொள்ள வேண்டும் என்ற நெறிமுறைகளை நாள் முழுக்க அளப்பேன். வீட்டுக்கு வந்தாலும் வாய் ஓயாது. அகப்பட்டவள் அக்கா.

அக்கா தையல் போதனாசிரியர் வேலைக்கு விண்ணப்பித்திருந்தாள். தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து நாங்கள் திரும்பி வந்த பிறகு அவள் ஆசைப்பட்டுக் கேட்ட முதல் உத்தியோகம் அது. நேர்முகக் கடிதம் மின்னஞ்சலில் வரும் என்றார்கள். அவளுக்குக் கணக்குத் திறந்து போனில் போட்டுக் கொடுத்தேன். பத்திரத்துக்கு இருக்கட்டும் என்று என் மடிக்கணினியிலும் போட்டு வைத்தேன்.

மூன்று கிழமையாக அக்கா போனைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"ஒண்டும் வரேல்லையடி."

"இப்பிடித் தடவினா கடிதம் வராது அக்கா, கண்ணாடிதான் தேயும்."

ஒரு புதன்கிழமை வகுப்பில் பொப் என்ற அஞ்சல் நெறிமுறையைக் காட்டுவதற்காக, மடிக்கணினியின் அஞ்சல் பெட்டியைத் திரையில் பெரிதாகத் திறந்தேன்.

"இது சேர்வரில இருக்கிற கடிதத்தை இறக்கித் தன்னட்ட வைச்சிருக்கும். அங்க மிச்சம் விடாது. பிறகு போனில தேடினாலும் கிடைக்காது."

முன்வாங்கில் இருந்த ஒருத்தி கையை உயர்த்தினாள். "மிஸ், நாளைக்கு ஒம்பது மணிக்கு ஆருக்கு நேர்முகத் தேர்வு?"

திரையில் அக்காவின் கடிதம். வந்து பன்னிரண்டு நாள். நான் கணினியைப் போடும் போதெல்லாம் அது சத்தமில்லாமல் அவளுடைய கடிதங்களை இறக்கியிருக்கிறது. இறக்கியதும் சேர்வரில் அழித்துவிடு என்று அமைத்து வைத்த கெட்டிக்காரியும் நான்தான். அந்தப் பெட்டியை ஒருநாளும் எட்டிப் பார்க்கவில்லை. வெட்கத்தைவிடப் பயம்தான் கூட வந்தது.

ஸ்கூட்டியில் உப்புக்குளத்து வீட்டுக்குப் பறந்தேன். மீன் வெட்டிக்கொண்டிருந்த அக்காவிடம் எல்லாவற்றையும் ஒப்புவித்தேன்.

"முகாமில எங்கட லைன் வீடுகளுக்கு வாற கடிதக் கட்டை ஆராவது ஒராள்தான் போய் எடுக்கிறது. எடுத்தவர் வீடு வீடாக் குடுத்துப்போட்டுத்தான் சாப்பிட இருப்பார்," என்றாள். "உன்ர பொப்புக்கு அது தெரியாதோ?"

"அதுக்குத் தெரியாது அக்கா. எனக்குத் தெரிஞ்சிருக்கவேணும்."

"சரி, அழாத. அயன்பெட்டியை எடுத்து என்ர சீலையை மினுக்கு."

மறுநாள் போய் வந்தாள். மின்னஞ்சல் பாவிக்கத் தெரியுமா என்று அங்கே கேட்டார்களாம். "எனக்குத் தெரியும், படிப்பிச்ச தங்கச்சிக்குத்தான் இன்னும் சரிவரேல்லை எண்டு சொன்னனான்" என்றாள். கேட்டவர்கள் சிரித்தார்களாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நியமனக் கடிதம் வந்தபோது அவளுடைய கணக்கு என் கணினியில் இல்லை. போனில்தான் வந்தது. சோறு போட்ட கோப்பையை மேசையில் வைத்துவிட்டு அக்கா என் அறைக்கு வந்தாள். போனை என் கையில் தந்து, நான் கடைசி வரி வரைக்கும் வாசித்து முடித்த பிறகுதான் சாப்பிடப் போனாள்.