எலிக்குட்டிக்கு இட்ட விபூதி

எண்பதுகளின் தொடக்கத்தில் நாங்கள் அரியலூரில் குடியிருந்தோம். ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்துக்காக என் கணவர் வீட்டிலேயே வெள்ளெலி வளர்த்து வந்தார். "சினை எலி இருக்கு. குட்டி போட்டா பத்து நாளைக்குக் கூண்டுக்குள்ள கைய விட்டுடாத புள்ள" என்று சொல்லிவிட்டுத்தான் திருச்சிக்குப் போனார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பூஜையை முடித்துவிட்டுப் பார்த்தால், ஏழு குட்டிகள்! கண் திறக்காமல், செம்பருத்தி மொட்டுகள் போலக் கிடந்தன. நான் பெற்ற இரண்டும் தங்கவில்லை. அந்த ஏக்கத்தில் அவர் சொன்னதை மறந்தேன். "முருகா, இதுங்களையாவது காப்பாத்துப்பா" என்று ஒவ்வொன்றுக்கும் விபூதி இட்டேன்.

மாலையில் ஒரு குட்டிகூட இல்லை. தாயே தின்றுவிட்டிருந்தது.

"நீயெல்லாம் ஒரு தாயாடி, ராட்சசி!" என்று அழுதுகொண்டே திட்டினேன்.

அப்போதுதான் ஊரிலிருந்து வந்த அவர், கூண்டில் சிந்தியிருந்த விபூதியைப் பார்த்தார்.

"அதத் திட்டாத புள்ள. வேத்து வாசன அடிச்சா, தன் குட்டின்னு அதுக்குத் தெரியாது."

தாய் எலி பஞ்சை விலக்கி விலக்கி எதையோ தேடிக்கொண்டிருந்தது.

முருகனிடம் எத்தனையோ முறை மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அந்த எலியிடம் எப்படிக் கேட்பது என்றுதான் இன்றுவரை தெரியவில்லை.