எட்டாம் நம்பர், கறுப்பு

அன்று நடந்தவை, நடந்த வரிசையில்:

1. மாலை ஐந்தரைக்கு சிராங்கூன் சாலையில் வேன் நிற்கும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.
2. அண்ணனின் கூப்பன் புத்தகத்தைக் காட்டினேன். ஐந்து தாள்களில் முதல் தாள் ஏற்கெனவே கிழிக்கப்பட்டிருந்தது.
3. முதல் பாரில் தண்ணீர் குடித்தேன்.
4. இரண்டாவது பாரின் வாசலில் நின்றவர் என் கால்களைப் பார்த்தார்.
5. ஒரு சொல்லுக்குப் பொருள் தெரிந்துகொண்டேன்.
6. ஒரு சுழற்படியின் அடிப்பக்கத்தைக் கையால் தடவிப் பார்த்தேன்.
7. மூன்றாவது, நான்காவது பார்களுக்கும் போனேன்.
8. ஒன்பது மணிக்குத் தோ பாயோ பேருந்தில் ஏறினேன்.

இந்தப் பட்டியலை அன்றைக்கே, வேலைக்கு வைத்திருந்த பரிசோதனை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்தேன். எழுத்து சீராகவே இருக்கிறது. எங்கும் அடித்தல் திருத்தல் இல்லை. கூப்பன் புத்தகமும் அதே நோட்டுக்குள் இருக்கிறது. உள்ளங்கை அளவு, மஞ்சள் அட்டை, ஒவ்வொரு தாளிலும் ஒரு பாரின் பெயரும் ஒரு கோப்பைப் படமும். வெளிநாட்டுப் பயணிகளைக் கூட்டமாக அழைத்துப்போய், ஒரே மாலையில் ஐந்து பார்களைக் காட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு கோப்பை வாங்கித்தரும் சுற்றுலாவுக்கான சீட்டு அது. சிங்கப்பூரின் துவாஸில் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்த என் அண்ணன் அதை எதற்கு வாங்கினான் என்று கண்டுபிடிக்கத்தான் நான் அந்தச் சுற்றில் சேர்ந்தேன்.

அண்ணன் என்னைவிட மூன்று வயது பெரியவன். அவன் ஐ.டி.ஐ.யில் வெல்டிங் படித்தான். நான் பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்து, கோயம்புத்தூரில் பம்பு செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் சேர்ந்தேன். அவன் செய்வதும் நான் குற்றம் சொல்வதுமாக எங்கள் வீடு ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டுக் கேட்டை அவனே பற்றவைத்து மாட்டிய அன்று, நான் பென்சிலால் மூன்று இடங்களில் வட்டம் போட்டுக் காட்டினேன். "இன்ஸ்பெக்டர் வந்தாச்சு, ஓடுங்க" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, அந்த மூன்று இடங்களையும் தேய்த்துவிட்டு மறுபடி பற்றவைத்தான். அவனுடைய வெல்டிங்கில் ஒரு அடையாளம் உண்டு. கோடு முடியும் இடத்தில் கையை இடப்பக்கம் சற்றே இழுத்து நிறுத்துவான். ஒரு கமாப் போல இருக்கும். அது தேவையில்லாத வேலை என்று பலமுறை சொல்லியிருக்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அவன் சிங்கப்பூர் போனான். முதல் ஆறு மாதம் ஒரு ஓட்டல் கட்டடத்தில் வேலை. "நான் பத்தவெச்ச படி ஒண்ணு இருக்கு. சுத்திச் சுத்தி மேலே போகும். கம்பளம் விரிக்கறதுக்கு முன்னாடியே எங்களை வெளியே அனுப்பிட்டாங்க" என்று எழுதியிருந்தான். எந்த வெல்டிங் குச்சி போட்டாய் என்று கேட்டு நான் பதில் எழுதினேன். பிறகு அவன் கப்பல் பட்டறைக்கு மாறினான். இரண்டாம் வருடக் கடைசியில் வந்த ஒரு கடிதத்தில், "சப்பாத்து வாங்க வேண்டும், அதனால் இந்த மாதம் கொஞ்சம் குறைத்து அனுப்புகிறேன்" என்று இருந்தது. நானும் அம்மாவும் அதைப் பலமுறை படித்தோம். சப்பாத்தி தின்னவா பணத்தைக் குறைக்கிறான் என்று அம்மாவுக்குக் கோபம். நான் பதில் கடிதத்தின் கீழே, சிவப்பு மையில், "சப்பாத்து அல்ல, சப்பாத்தி. எழுத்துப் பிழை" என்று எழுதி அனுப்பினேன்.

அதற்கு அவன் எழுதிய பதில்தான் எங்களுக்கு வந்த கடைசிக் கடிதம். "இன்ஸ்பெக்டர் அம்மாவுக்கு, சப்பாத்தி வாங்கியாயிற்று. எட்டாம் நம்பர். கறுப்பு. கடிக்காமல் இருக்க வேண்டும்." அவ்வளவுதான். அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எட்டு சுட்டிருப்பான் போல. எல்லாம் கருகிப்போச்சாட்ட இருக்குது" என்றாள். கருகினால் கடிக்கத்தானே முடியாது, கடிக்காமல் இருக்க வேண்டும் என்றால் என்ன அர்த்தம் என்று நான் கேட்டேன். இருவரும் சிரித்தோம்.

பதினேழு நாள் கழித்து, கப்பலின் எண்ணெய்த் தொட்டிக்குள் கட்டியிருந்த சாரத்திலிருந்து அவன் விழுந்துவிட்டதாகத் தந்தி வந்தது. உடலை விமானத்தில் அனுப்பினார்கள். காரியமெல்லாம் முடிந்தது. நான் பத்தாம் நாள் வேலைக்குப் போனேன். அழவில்லை. அழாததைப் பற்றி மற்றவர்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. அதுவும் என்னை ஒன்றும் செய்யவில்லை. நாலு மாதம் கழித்து, ஒரு அளவுக் கருவியில் பயிற்சி பெற எங்கள் தொழிற்சாலை என்னை இரண்டு வாரம் சிங்கப்பூரின் ஜூரோங்குக்கு அனுப்பியது. அந்தப் பெயர்ப் பட்டியலில் நான் இருந்தது தற்செயல். அண்ணனின் பெட்டி இன்னும் அவனுடைய அறைத் தோழரிடம் இருந்தது. புறப்படும்போது அம்மா ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "பொட்டி வந்தா வருது, வராட்டிப் போகுது. அவன் அங்க குடிச்சானான்னு மட்டும் கேட்டுட்டு வா கண்ணு." எங்கள் அப்பா குடித்தே போனவர். குடிக்க மாட்டேன் என்று அம்மாவின் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுத்தான் அண்ணன் விமானம் ஏறினான். குடித்துவிட்டுச் சாரத்தில் ஏறினானா என்பதுதான் அவளுடைய கேள்வி. அதை அவள் அப்படிக் கேட்கவில்லை.

முதல் ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தைக்கு எதிரே அறைத் தோழர் பெட்டியைக் கொண்டுவந்து தந்தார். பட்டுக்கோட்டைப் பக்கத்துக்காரர். "எல்லாம் இருக்கு தங்கச்சி, எண்ணிப் பாத்துக்குங்க" என்றார். அண்ணன் குடிப்பானா என்று கேட்டேன். அவர் சாலையைப் பார்த்தார். "ஞாயித்துக்கெழம எல்லாரும் இங்கதான் வருவோம். யாரு எந்தப் பக்கம் போறாங்கன்னு யாரு பாக்குறா" என்றார். பெட்டியில் இருந்தவை: நாலு சட்டை, மூன்று லுங்கி, ஒரு அலாரம் கடிகாரம், என் கடிதங்கள், கூப்பன் புத்தகம், அட்டைப் பெட்டிக்குள் ஒரு ஜோடி புதிய கறுப்பு ஷூ. ஷூவின் அடிப்பாகத்தில் மண் படவில்லை. அதைக் குறித்துக்கொண்டேன். ஆனால் கூப்பன் புத்தகம்தான் கண்ணில் நின்றது. ஐந்தில் ஒரு கோப்பை கிழிக்கப்பட்டிருந்தது.

நான் தங்கியிருந்தது தோ பாயோவில், ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியை வீட்டில். மாதா கோயில் பாடற்குழுவுக்கு ஆர்மோனியம் வாசிப்பவர். எல்லாரும் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். வெள்ளிக்கிழமை எங்கே போகிறேன் என்று சொன்னதும் கையில் இருந்த தட்டைக் கீழே வைத்தார்.

"பாருக்கா? நீயா? காப்பி குடுத்தாலே வேணாங்கிற ஆளு லா நீ."

"ஒரு விஷயம் கேக்கணும் டீச்சர்."

"கேக்கறதுக்கு அஞ்சு பாரா? ஒரு பாருல கேட்டா பத்தாதா?" பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி போ. ஒம்பதரைக்குள்ள வீட்டுல இருக்கணும். உங்கம்மாவுக்கு நான் பதில் சொல்ல முடியாது" என்றார்.

வழிகாட்டி ஐம்பது வயதுத் தமிழர், அங்கேயே பிறந்தவர். முன்பு துறைமுகத்தில் மூட்டை எண்ணும் வேலையில் இருந்திருக்கிறார். நான் புத்தகத்தை நீட்டியதும் தேதியைப் பார்த்து, பழையது, செல்லாது என்று ஆங்கிலத்தில் சொன்னார். அதற்குள் ஆட்களை எண்ணும் நேரம் வந்துவிட்டது. ஆளுக்கு ஆள் விரலை நீட்டி, "லாபம், ரெண்டு, மூணு" என்று எண்ணினார். நெல் அளக்கிறவர்கள் முதல் மரக்காலை ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்பார்கள். அதைக் கேட்டு வெகுநாள் ஆகியிருந்ததால் சட்டென்று திரும்பிப் பார்த்தேன். அவர் எண்ணுவதை நிறுத்தினார். என்னையும் கையிலிருந்த புத்தகத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "ஏறுங்கம்மா" என்றார்.

முதல் பார் பழைய கள்ளுக்கடை இருந்த இடம் என்று அவர் விளக்கினார். வெள்ளைக்காரர்கள் ஆறு பேர். அதில் ஒருவர், லாபம் என்றால் குடிக்கும்போது சொல்லும் வாழ்த்து என்று எண்ணிக்கொண்டு, கோப்பையைத் தூக்கி "லாபம்" என்றார். மற்றவர்களும் சொன்னார்கள். வழிகாட்டி அதைத் திருத்தவில்லை. எனக்கு அந்தப் பாரின் கூப்பன் இல்லை. தண்ணீர் வாங்கிக் குடித்தேன். அண்ணன் உட்கார்ந்திருக்கக்கூடிய நாற்காலிகளை எண்ணினேன். பதினான்கு இருந்தன.

இரண்டாவது பார் ஒரு ஓட்டலுக்குள் இருந்தது. வாசலில் தலைப்பாகை கட்டிய காவலாளி ஒவ்வொருவரின் காலாகப் பார்த்து உள்ளே விட்டார். என் செருப்பில் அவர் பார்வை நின்றது. பிறகு கையசைத்தார்.

"பொம்பளைங்களுக்குப் பரவாயில்ல" என்றார் வழிகாட்டி. "ஆம்பளைங்கன்னா விட மாட்டாங்க. இந்தப் புத்தகம் வச்சிருந்தவரை இங்கதான் நிறுத்திட்டாங்க."

"அவரை ஞாபகம் இருக்குங்களா?"

"நல்லா இருக்கு. லாபம்னு எண்ணினதும் திரும்பிப் பாத்து சிரிச்சாரு. இந்தச் சுத்துல அதுக்குத் திரும்பினது அவரும் நீங்களும்தான். முதல் கடையில சிராப் கேட்டாரு. அதான், செவப்பா ரோஸ் தண்ணி. கூப்பனை வேஸ்ட் பண்ணாதீங்க, பீர் எடுங்கன்னு நானே சொன்னேன். வேணாம்ணே, நான் படியைப் பாக்க வந்தேன்னாரு. உள்ள ஒரு படி இருக்கு, நான் பத்தவெச்சதுன்னாரு. இங்க வந்து பாத்தா கால்ல சிலிப்பரு. இவன் விடல. நான் என்ன பண்றது, ஆறு பேரு உள்ள போயிட்டாங்க. சப்பாத்து போட்டுக்கிட்டு இன்னொரு நாள் வாங்க, மிச்ச கூப்பன் செல்லும், நான் பொறுப்புன்னு சொல்லி அனுப்பிட்டேன்."

"என்ன போட்டுக்கிட்டு?"

"சப்பாத்து."

"சப்பாத்தியா?"

அவர் லேசாகச் சிரித்தார். "ஊர்லேருந்து வர்றவங்க எல்லாம் இப்படித்தான் கேப்பீங்க. சப்பாத்தும்மா. கால்ல போடறது. ஷூ."

எட்டாம் நம்பர், கறுப்பு, கடிக்காமல் இருக்க வேண்டும். கடிதத்தின் வரிகள் அதே வரிசையில் வந்தன. காவலாளி இன்னொருவருக்காகக் கதவைத் திறந்து பிடித்திருந்தார். உள்ளேயிருந்து குளிர்காற்று என் கால்களில் பட்டுக்கொண்டிருந்தது.

"அவரு உங்களுக்கு என்ன வேணும்? ஏன் அப்புறம் வரவே இல்ல?"

"அண்ணன். தவறிட்டாங்க."

அவர் கையிலிருந்த பயணிகள் பட்டியலை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். என்னை முன்னால் விட்டுப் பின்னால் வந்தார்.

படி கூடத்தின் நடுவில் இருந்தது. சிவப்புக் கம்பளம் விரித்து, பித்தளைக் கைப்பிடி போட்டிருந்தார்கள். மேலிருந்து பார்த்தால் அதில் வெல்டர் ஒருவன் வேலை செய்ததற்கு எந்த அறிகுறியும் தெரியாது. நான் படியின் அடியில் போய் நின்றேன். அங்கே வெள்ளைச் சாயம் மட்டும்தான். கை எட்டிய படிகளின் அடிப்பக்கத்தை விரலால் தடவிக்கொண்டே வந்தேன். ஐந்தாவது படியில் கோடு முடியும் இடத்தில் இடப்பக்கம் ஒரு சிறிய இழுப்பு இருந்தது. ஆறாவதிலும் இருந்தது. எட்டாவது வரை பார்த்தேன். அதற்குமேல் எட்டவில்லை. வேலை நன்றாக இருந்தது. வட்டம் போடுகிற மாதிரி எந்த இடமும் இல்லை. அதை அவனிடம் சொல்லியிருப்பேனா என்று யோசித்துப் பார்த்தேன். சொல்லியிருக்க மாட்டேன். அந்த இழுப்பைப் பற்றித்தான் மறுபடி எழுதியிருப்பேன்.

பணியாள் வந்து கூப்பனைக் கேட்டார். மது கலக்காமலும் தருவார்கள், சொல்லட்டுமா என்று வழிகாட்டி கேட்டார். எல்லாருக்கும் தருவதையே தரச் சொன்னேன். அது அண்ணனின் கூப்பன். அதில் என்ன எழுதியிருக்கிறதோ அது வரட்டும் என்று தோன்றியது. சிவப்பாக, ஓரத்தில் அன்னாசித் துண்டு செருகி ஒரு கோப்பை வந்தது. இருமல் மருந்து போல இனித்தது. படியைப் பார்த்துக்கொண்டே முழுவதையும் குடித்தேன். மேலே வெள்ளைக்காரர்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கைப்பிடியைப் பிடிக்காமலே இறங்கினார். படி ஆடவில்லை.

மூன்றாவது பார் ஆற்றங்கரையில், நாலாவது கடற்கரைப் பக்கம். இரண்டிலும் தாளைக் கிழித்துக் கொடுத்தேன். வந்ததைக் குடித்தேன். காது சற்றே அடைத்த மாதிரி இருந்தது, வேறொன்றும் இல்லை. வேனில் ஏறும்போதெல்லாம் வழிகாட்டி எங்களை எண்ணினார். ஆனால் ஓட்டலுக்குப் பிறகு அவர் லாபம் என்று சொல்லவில்லை. ஒன்று என்றுதான் தொடங்கினார். வெள்ளைக்காரர் ஒருவர், லாபம் எங்கே போயிற்று என்று விளையாட்டாகக் கேட்டார். வழிகாட்டி வேன் கதவைச் சாத்தினார். ஐந்தாவது பாருக்கு நான் வரவில்லை என்றதும், பேருந்து நிறுத்தம் வரை கூட வந்தார். "அன்னிக்கு நான் ரெண்டு நிமிஷம் அந்தக் காவல்காரன்கிட்ட பேசியிருக்கலாம்மா" என்றார். பேருந்து வந்துவிட்டது.

டீச்சர் கதவைத் திறந்தார். என் வாயிலிருந்து வந்த வாடை அவருக்குத் தெரிந்திருக்கும். "மோர் கரைச்சு வச்சிருக்கேன், குடிச்சிட்டுப் படு" என்று மட்டும் சொன்னார்.

தொழிற்சாலையில் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் விதி, ஒரு துண்டைச் சோதித்துவிட்டு முழுப் பெட்டிக்கும் முத்திரை குத்தக் கூடாது என்பது. எனக்குக் கிடைத்தது ஒரு மாலையின் ஒரு கோப்பை ரோஸ் தண்ணீர். மற்ற ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றி எனக்குத் தெரியாது. சாரத்தில் ஏறிய அன்றைக் காலையைப் பற்றியும் தெரியாது. வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா பெட்டியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். "குடிக்கலம்மா. கேட்டுட்டேன்" என்றேன். "ம்" என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை. நீ குடித்தாயா என்று என்னைக் கேட்கும் எண்ணம் அவளுக்கு வர வாய்ப்பே இல்லை. எங்கள் வீட்டில் அப்பாவுக்குப் பிறகு குடித்ததாக எனக்கு உறுதியாகத் தெரிந்த ஆள் நான் ஒருத்திதான்.

சப்பாத்து என்றால் என்ன என்று அவளிடம் சொன்னேன். அதை மட்டும் இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

நாலு வருடம் ஆகிறது. அண்ணன் பற்றவைத்த கேட்டு இருக்கிறது. ஷூ, அட்டைப் பெட்டியோடு அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. எங்கள் உறவில் யாருக்கும் எட்டாம் நம்பர் சேரவில்லை. சிவப்பு மையில் நான் திருத்தி அனுப்பிய கடிதம் அவனுடைய பெட்டியோடு என்னிடமே திரும்பி வந்துவிட்டது. கூப்பன் புத்தகத்தில் ஒரு தாள் மீதி இருக்கிறது.